ஏ-40 காரும் என் சீதன அலுமாரியும்

போன மாதம் பாசிக்குடாவில் ஒரு கலியாண வரவேற்புக்குப் போயிருந்தேன். கடற்கரையோரம் வரிசையாக எழும்பியிருக்கும் ஹோட்டல்களில் ஒன்று. வாசல் மண்டபத்தில் பூச்சாடிகளுக்கு நடுவே பழைய ஏ-40 கார் ஒன்றை நிறுத்தி, சுற்றிவரச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டுச்சாறியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் குனிந்து, கயிற்றுக்கு அடியால் கையை விட்டு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பகுதியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. தகடு இல்லை, உள்ளே முழுக்கப் பட்டி அப்பியிருக்கிறார்கள். அதற்குள் காவலாளித் தம்பி ஓடி வந்து தொடக்கூடாது அம்மா என்றான். தொடவில்லை, தட்டினேன் என்று சொன்னேன். வரவேற்புக்கு வந்த ஒரு பெரிய மனுசி சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆனால் எனக்கு வாய் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் நீளம். அந்த நீளத்தால் ஒருமுறை என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பகுதியை அத்தான் 'படி' என்பார். காரில் ஏறும்போது கால் உரசுமே, அந்த இடம். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் வெற்றிடம். மூடிய நீளப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது துருவேறி உக்கிப்போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்தால் கதவு மூடாது. ஒரு தையற்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கும் இருபத்திரண்டு வயது வரை தெரியாது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர்; சண்டைக் காலத்தில் அது இயக்கத்தின் பக்கம். ஆசுபத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், டவுனில். நடுவில் பாலம், பாலத்தடியில் இராணுவத்தின் சோதனைச்சாவடி. தகடு, கம்பி, பற்றரி, சீமெந்து எதுவும் அதைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. மனிதர்கள் தாண்டலாம், ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பது அன்றன்று நிற்பவர்களின் மனநிலையைப் பொறுத்தது. அக்காவின் முதல் பிள்ளை அந்தப் பாலத்தடியில்தான் போனது. உழவு மெசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்திக் கொண்டுபோனோம். வைக்கோலையெல்லாம் இறக்கிக் கிளறிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவளையும் இறக்கினார்கள். வெயிலில் இரண்டரை மணித்தியாலம். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்கா திரும்பவும் கர்ப்பமானாள். நான்காம் மாதம் எங்கள் ஊர் மருத்துவ மாது ராசம் மிஸ்ஸி வந்து பார்த்துவிட்டு, முதல் பேறு அப்படிப் போனதால் இந்த முறை கட்டாயம் ஆசுபத்திரியில்தான் பெற வேண்டும் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மெசின் பெட்டியில நான் ஏறமாட்டன் மிஸ்ஸி. உங்கட கார் எண்டா ஏறுவன். இல்லாட்டி இஞ்சையே பெறுவன்."

மிஸ்ஸி சிரித்தார். காரணம், அவருடைய கார் கொட்டிலுக்குள் கிடந்த கிடை அப்படி. அவருடைய கணவர் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓட்டிய ஏ-40 அது. அவர் காய்ச்சலில் செத்துப்போன பிறகு மிஸ்ஸி தானே ஓட்டப் பழகி, வெள்ளைச் சாறியோடு ஊரூராகப் போய்ப் பேறு பார்த்தார். எங்கள் பக்கம் பெற்றோல் வருவது நின்றதும் காரும் நின்றது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினை முழக்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார். மூடியைக் கழற்றி இரண்டு சொட்டுப் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். அந்தப் புகை மணம் எங்கள் ஒழுங்கை முழுக்க நிற்கும். இன்றைக்கும் யாராவது மண்ணெண்ணெய் அடுப்பை ஊதி அணைத்தால் எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம்தான் வருகிறது, பக்தி வருவதில்லை. ஆக எஞ்சின் உயிரோடு இருந்தது, உடம்புதான் போய்விட்டது. வாவிக் காற்றின் உப்பு தின்றது பாதி, கொட்டிலின் ஒழுக்கு தின்றது பாதி. இரண்டு பக்கப் படியும் கையால் கிள்ளினால் உதிர்ந்தன. டவுனிலிருந்து வந்த கராஜ்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிப் போனார்.

அக்கா புருசன், என் அத்தான், தகரவேலைக்காரர். வாளி, புனல், பூவாளி, டிரங்குப் பெட்டி, இவைதான் அவர் உலகம். கார் அவர் தொட்டதே இல்லை. ஆனால் பெண்சாதி ஒரு சொல் சொல்லிவிட்டாள். எங்கேயோ ஒரு பழைய பரலை, தார் வருகிற தகரப் பீப்பாயை, வெட்டி விரித்து, கண்ணளவில் மதித்து, மூன்று நாள் தட்டி இடப்பக்கப் படி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். வைத்துப் பார்த்தால் முன்னுக்கு மூன்று விரல் நீளம், பின்னுக்கு இரண்டு விரல் குட்டை, நடுவில் வயிறு. நான் தையல் மெசினிலிருந்து எழும்பி வந்து பார்த்தேன். கிணற்றில் கட்டித் தண்ணீர் அள்ளலாம் அத்தான் என்றேன். அவர் மனிதர் நல்லவர், ஆனால் அன்றைக்கு முகம் கறுத்துப்போனது.

"அப்ப நீ வெட்டித் தாவன் புள்ள. பெரிய தையல்காரிதானே."

சரி என்றேன். வாய் கொடுத்தால் கையும் கொடுக்கத்தானே வேண்டும்.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை: உடம்பைக் கடதாசியில் எடுப்பது. பழைய பத்திரிகைகளைக் கோதுமை மாப்பசையில் இரண்டு பட்டாக ஒட்டிக் காயவைத்து, உக்காமல் மிச்சமிருந்த இடங்களின் மேல் அழுத்தி அழுத்தி அளவெடுத்தேன். சாறிச் சட்டைக்குத் தோளில் வைத்து எடுப்பதும் இதுவும் ஒன்றுதான். கடதாசி எங்கே சுருங்குகிறதோ அங்கே துணியில் பிடிப்புப் பிடிப்போம், தகட்டில் அடித்து ஒடுக்க வேண்டும். கடதாசி எங்கே கிழிகிறதோ அங்கே துணியில் ஒட்டுத்துண்டு வைப்போம், தகட்டை அடித்து இழுக்க வேண்டும். இதை அத்தானுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு சாக்கில் மணலை நிரப்பி, அதன் மேல் பரல் துண்டை வைத்து மரக் கொட்டாப்புளியால் நான் சொன்ன இடத்தில் அடித்தார். தகடு வளைந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. (அந்த மணல் மூட்டையை நாங்கள் பொழுதுபடுமுன் கொட்டிவிடுவோம். முற்றத்தில் மணல் மூட்டை கிடந்தால் பங்கர் வெட்டுகிறாயா என்று கேட்க ஆட்கள் இருந்த காலம்.)

வழி கிடைத்துவிட்டது, தகடுதான் இல்லை. பரல் மிச்சம் ஓட்டை. ஊரில் நல்ல கனத்தில், நேராக, துருவில்லாமல் இருந்த தகடு ஒரே இடத்தில்தான் இருந்தது. என் அறையில். சாம்பல் நிறத்தில், இரண்டு கதவோடு, ஆளுயரக் கண்ணாடி வைத்து. என் சீதன அலுமாரி.

உங்களுக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கும். வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து ஏறுவார். வந்து ஏறுகிற வீட்டில் அலுமாரி நிற்க வேண்டும் என்பது அம்மாவின் வேதம். பாதை மூடுவதற்கு முன், நெல் விற்ற காசில், வண்டிலில் கயிறு கட்டிக் கொண்டுவந்தது. அதை வெட்டப்போகிறோம் என்று சொன்னபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, அலுமாரியைப் பார்த்தார். அலுமாரி இல்லாமல் உன்னை யார் எடுப்பான் என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். நான் உள்ளே இருந்த சாறிகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். அம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை கண்ணாடியைக் கழற்றும்போது உடையாமல் மறுபக்கம் பிடித்தது அவர்தான்.

இப்போது என் பெரிய தவறுக்கு வருகிறேன். தையற்காரர் யாராவது இதைப் படித்தால் உடனே விளங்கும். நாங்கள் துணியை இரண்டாக மடித்துப் போட்டுத்தான் வெட்டுவோம். ஒரு வெட்டு, இரண்டு கை. வலமும் இடமும் தானாகவே வந்துவிடும், அதைப் பற்றி நினைப்பதே இல்லை. தகட்டை மடிக்க முடியாதே. அலுமாரியின் ஒரு கதவில் கடதாசியை வைத்துக் கோடு கீறினேன். அதே கடதாசியை அதே பக்கமாகப் பக்கத்தில் வைத்து இன்னொருமுறை கீறினேன். கீறிய பக்கம் உள்ளுக்கு வரும் என்பது எனக்கும் அத்தானுக்கும் பேச்சு. அவர் பேச்சுத் தவறாதவர். ஐந்து நாள் வேலை. மடித்து, ஒடுக்கி, இழுத்து, விளிம்புக்கு மடிப்புத் தையல் மாதிரி ஓரம் சுருட்டி, அழகான இரண்டு படிகள். இடப்பக்கத்துக்கு ஒன்று சரியாகப் போய் உட்கார்ந்தது. மற்றதைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் போனோம். அதுவும் இடப்பக்கத்துக்குத்தான் உட்காரும்.

அத்தான் படியை ஒருமுறை திருப்பினார். கவிழ்த்தார். காரின் அடியால் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். நான் அழுகிற நிலையில் நின்றேன். அப்போதுதான் கொட்டில் வாசலில் ஆறுமாத வயிற்றோடு நின்ற அக்கா சிரிக்கத் தொடங்கினாள். "ரெண்டு இடப்பக்கமா? ரெண்டும் இடப்பக்கமா புள்ள?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புக்கு ஒரு அலுமாரிக் கதவு போனால் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. தட்டி நிமிர்த்தித் திரும்ப மடிக்கப் பார்த்தோம், மடித்த இடமெல்லாம் வெடித்தது. இரண்டாவது கதவையும் வெட்டினோம்.

காஸ் வைத்து ஒட்ட வழியில்லை. அதற்கு வேண்டிய காபைட் எங்கள் பக்கம் வராது. ஆணிகளைக் குட்டையாக வெட்டி, இரண்டு தகட்டையும் துளைத்து, இருபுறமும் அறைந்து பொருத்தினோம். வாளியின் அடிக்கு வைப்பதுபோல் அத்தான் விளிம்பு நெடுக ஈயம் பற்ற வைத்தார். கடைசியில் காரைத் தாங்கியிருந்த மரக்குற்றிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கார் தொய்யவில்லை. மிஸ்ஸி வந்து கதவைத் தள்ளினார். ஒரே தள்ளில் மூடியது. தட்டினால் ணங் என்றது. இயக்கத்துப் பெடியள் இதைக் கேள்விப்பட்டுக் காரைத் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேட்டு வந்தார்கள். உங்கள் தாய்மாருக்கும் நான்தான் பேறு பார்த்தேன், அவர்களைக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் மிஸ்ஸி. அவர்கள் திரும்பி வரவில்லை.

எட்டாம் மாதம் வெள்ளோட்டம் விட்டோம். மிஸ்ஸி, அத்தான், நான். சாவடியில் நிறுத்திச் சுற்றிவரத் தட்டினார்கள். இவ்வளவு பழைய காரில் இந்த இடம் மட்டும் ஏன் புதிது? இறங்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் நிலத்தில் படுத்துக் கீழே பார்த்தான். அங்கே ஒரு திறப்புத் துவாரம், சாவி போடுகிற ஓட்டை. அலுமாரிக் கதவின் துவாரம்தான். தண்ணீர் வடியட்டும் என்று அத்தான் அதை அடிப்பக்கத்தில் அடைக்காமல் விட்டிருந்தார். காருக்கு அடியில் எதற்குப் பூட்டு? சிப்பாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தத் துவாரத்துக்குள் பார்த்தான். இதில்தான் என் நீள வாய் வருகிறது. நான் சிரித்துவிட்டேன். சத்தமாக.

அவன் எழும்பினான். அலவாங்கு, அதாவது கடப்பாரை, வந்தது. இரண்டு படியையும் மீன் வயிற்றைக் கிழிப்பதுபோல் நெடுகக் கிழித்தார்கள். உள்ளே சாம்பல் நிறப் பெயின்டைத் தவிர ஒன்றுமில்லை. தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவன், இனி இதை மூட வேண்டாம், திறந்தபடி விடச் சொல்லிப் பெரியவர் சொல்கிறார் என்றான். கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

வீட்டில் அத்தான், அவர்கள் சொன்னபடி திறந்தே விடுவோம் என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்னும் ஒரு மாதம்தான். கேட்டபடி விட்டால் மறிக்க மாட்டார்கள். திறந்து விட்டால் கதவு மூடாது, குழியில் விழுந்தால் அக்கா வெளியே விழுவாள் என்றேன் நான். கயிறு கட்டலாம் என்றார். காரில் போகிறவளைக் கயிறு கட்டியா கொண்டுபோவது என்று கத்தினேன். எல்லாம் என் சிரிப்பால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"மூடுங்க. அவனுகள் கிழிச்சாக் கிழிக்கட்டும். நாம மூடுவம்."

அவள் அதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள். அத்தான் எழும்பிப்போய் அலுமாரியின் முதுகுத் தகட்டைக் கழற்றினார்.

வலி வந்தது ஒரு காலைப்பொழுதில். மிஸ்ஸி ஓட்டினார், அத்தான் முன்னுக்கு, பின்னுக்கு அக்காவும் நானும். சாவடியில் அதே சிப்பாய். திரும்பவும் மூடியிருந்ததைக் கண்டதும் அவனுக்கு முகம் மாறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் குனிவதற்கு முன் அக்கா கண்ணாடிக்கு வெளியே கையைப் போட்டுக் கதவைத் தானே தட்டினாள். பிறகு வயிற்றைத் தொட்டாள்.

"ஒளிச்சுக் கொண்டுபோறது இது ஒண்டுதான். இந்தா இரிக்கு, பாத்துக்க."

அவனுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. கை விளங்கியிருக்கும். பிறகு அலவாங்கை எடுத்து அக்காவின் பக்கத்துப் படியைக் கிழித்தான். ஒரே இழுப்பு. கிழித்து, எட்டிப் பார்த்து, போகச்சொல்லிக் கையைக் காட்டினான். இரக்கப்பட்டு ஒரு பக்கத்தோடு விட்டான் என்று சொல்ல நான் வரவில்லை. கிழித்தான், விட்டான். ஆனால் யாரையும் இறக்கவில்லை. வெயிலில் நிறுத்தவில்லை. ஆசுபத்திரி வரைக்கும் அந்தக் கதவை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் பெண்பிள்ளை பிறந்தது. அழுத சத்தம் வெளியே நின்ற எங்களுக்குக் கேட்டது. அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஆசுபத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச்சொன்ன நாளில் அக்கா காரைப் பார்த்தாள். கிழிந்தபடி கிடந்தது. மூடினால்தான் ஏறுவேன் என்றாள். டவுனிலேயே, புளியந்தீவில் மிஸ்ஸிக்குத் தெரிந்த ஒருவரின் வளவில், கடையில் வாங்கிய புத்தம்புதுத் தகட்டில், அரைநாளில் செய்து முடித்தோம். பாருங்கள் வேடிக்கையை: தகடாகக் கொண்டுபோனால் பாலத்தில் பறிப்பார்கள். காரின் உடம்பாகக் கொண்டுபோனால் போகலாம். அன்றைக்குச் சாவடியில் நின்றவன் குனிந்து தட்டினான். ணங் என்றது. உள்ளே பிள்ளையைப் பார்த்தான். தடையைத் தூக்கினான். அவனுக்குக் கை நொந்திருக்கலாம். அடுத்த மாதம் வேறொரு பெண்ணைக் கொண்டுபோனபோது வேறொருவன் கிழித்தான். மூடினோம். அலுமாரி முடிந்து, பரல் முடிந்து, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைச் சட்டத்துத் தகடு வரைக்கும் அந்தப் படியில் ஏறியது. எத்தனை முறை என்று கேட்காதீர்கள், நாங்கள் எண்ணவில்லை. இடையில் என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் அலுமாரி எங்கே என்று கேட்டார்கள். அம்மா ஒழுங்கையைக் காட்டி, பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, பின்னேரம் வரும் என்றார். அவர்கள் திரும்பி வரவில்லை. அலுமாரி கேட்காத ஒருவர் பிறகு வந்தார், அது வேறு கதை.

இன்று அந்தக் கார் இல்லை. கடைசிச் சண்டையில் ஊரோடு இடம்பெயர்ந்து, மாதக்கணக்கில் கூடாரத்தில் கிடந்து திரும்பியபோது வீட்டுக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கொட்டிலும் காரும் இல்லை. இரும்பாக யார் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மிஸ்ஸி கூடாரத்திலேயே கண்ணை மூடினார். அத்தானும் போய் மூன்று வருடம். சாவடி நின்ற இடத்தில் இப்போது பின்னேரங்களில் கச்சான் கடலை வறுக்கிறார்கள். அந்த நாட்கள் திரும்பி வரவேண்டும் என்று நான் ஒருபோதும் ஏங்கியதில்லை. ஒழிந்தது நல்லதுக்கே.

அன்று வயிற்றுக்குள் இருந்தபடி காரில் போன அக்காவின் மகளுக்குப் போன வருடம் பிள்ளை பிறந்தது. வலி வந்ததும் ஓட்டோவைக் கூப்பிட்டு, தானே நடந்து போய் ஏறி, பாலத்தில் ஒரு நிமிசம்கூட நிற்காமல் கால் மணித்தியாலத்தில் ஆசுபத்திரிக்குப் போய்விட்டாள். நானும் அக்காவும் பின்னால் வேறொரு ஓட்டோவில் போய்ச் சேர்ந்தோம். வார்டில் எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன ரோட்டு சின்னம்மா இது? ஒரே தூக்கித் தூக்கிப் போட்டுது. இதால மனிசர் போறதா?"

அக்கா என் கையைப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரோட்டைப் பற்றி அவள் இன்னும் நல்லாகக் குறை சொல்லட்டும். இப்படியொரு குறையைச் சொல்லிக்கொண்டு அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே அவளைப் பாலம் தாண்டிக் கொண்டுபோனோம்.